நாற்பத்தெட்டு வயதில் மோட்டார் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலத்தில் வசிப்பவன். தணிக்கைப் பணிக்காகச் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய்வருவது என் வேலை. 48 வயது வரை டவுன் பஸ்ஸையும் அடுத்தவர் வண்டியின் பின்சீட்டையும் நம்பியே காலம் தள்ளினேன். அதன் பிறகுதான் கியர் வண்டி ஓட்டக் கற்று, உரிமம் எடுத்து, மூன்று ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களும், நாமும் கற்றுக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கி விசாரித்தவர்களும் எழுப்பிய கேள்விகளை, நான் சொல்லிவரும் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த வயதில் கற்றுக்கொள்ள உடம்பு ஒத்துழைக்குமா?

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்குச் சமநிலை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியவை இடக்கை கிளட்ச், இடக்கால் கியர், வலக்கை ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும், வலக்கால் பின்பிரேக் ஆகிய நான்கும்தான். இவற்றை ஒருங்கே இயக்குவது இருபது வயதுப் பையனுக்கு இரண்டு நாளில் வந்துவிடும். எனக்குப் பதினேழு நாள் ஆனது. நாள்தோறும் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை, பள்ளி மைதானம் ஒன்றில், மைத்துனர் பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டே இருக்க, வண்டி உறுமி நிற்பதும் துள்ளி நிற்பதுமாக அந்த நாட்கள் கழிந்தன. தாமதமாகக் கற்பவருக்கு ஒரு சாதகமும் உண்டு. யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. பின்னால் வருபவன் ஹாரன் அடித்தாலும் ஓரமாக ஒதுங்கி வழிவிட மனம் கூசுவதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயம் மிகையானதா?

இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் வகித்தது தமிழ்நாடு. பதிவானவை 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். ஆகவே, ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று தைரியம் சொல்பவர்களின் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்கள்.

ஆனால் இந்த எண்ணிக்கைக்குள் தலைக்கவசம் அணியாதவர், குடித்துவிட்டு ஓட்டியவர், எதிர்த்திசையில் வந்தவர், மூன்று பேராகச் சென்றவர், தூக்கக் கலக்கத்தில் ஓட்டியவர் என எல்லோரும் அடக்கம். இவற்றில் எதுவும் இல்லாமல், அடுத்தவர் தவறால் மாண்டவர்களும் கணிசமாக இருக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. நம் கையில் இருக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டால் மிஞ்சுகிற ஆபத்து எவ்வளவோ, அதை ஏற்றுக்கொள்ள நமக்கு மனம் வருகிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு வந்தது. வராதவர் பஸ்ஸில் போவதில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் ஒரேயடியாக வேண்டாம் என்கிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் தாய்மாமன் 1991ஆம் ஆண்டில் சங்ககிரிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்தார். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருசக்கர வண்டி என்ற பேச்சே எழக் கூடாது என்று ஆகிவிட்டது. நான் 48 வயது வரை கற்றுக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணமும் அதுதான். நான் விஷயத்தைச் சொன்ன அன்று அம்மா, “அவன் போனதே எனக்கு இன்னும் ஆறல, கண்ணு. நீயுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. புள்ளிவிவரத்தை எடுத்து வைத்து வாதாடியிருந்தால் அது அபத்தமாக இருந்திருக்கும். புள்ளிவிவரம் அம்மாவின் பக்கம்தான் இருக்கிறது.

நான் செய்தது வேறு. வண்டி வாங்குவதற்கு மூன்று மாதம் முன்பே தலைக்கவசத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி தையல் மெஷின் டிராயரில் இருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, புருவத்துக்கு மேலாகவும் பின்மண்டையின் புடைப்பைச் சுற்றியும் வைத்து அளந்து, “ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அம்பத்தாறு வாங்கிட்டு வந்திருக்கீங்க, திருப்பிக் கொடுங்க” என்றார். அந்த நிமிடத்தில் அவர் என் திட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. பயிற்சிக்கு மைதானம் போனபோது இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரையும் மகளையும் அழைத்துச் சென்றேன். நான் திணறியதையும், கீழே போட்டதையும், மூன்றாவது வாரத்தில் ஒழுங்காக நிறுத்தியதையும் அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். பார்க்காத வண்டியைப் பற்றிய கற்பனைதான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

பிறகு சில ஒப்பந்தங்கள் செய்துகொண்டோம். முதல் ஆண்டில் இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை, மழையில் புறப்படுவதில்லை, ஆறு மாதம் பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, இடம் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் தருவது. இந்தக் கடைசி நிபந்தனையில் நான் ஒருமுறை சறுக்கினேன். ஆத்தூருக்குப் போன அன்று அலுவலகத்தில் இறங்கியதும் யாரோ கோப்பைக் கையில் திணிக்க, கூப்பிட மறந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் பதினொரு அழைப்புகள். அன்று மாலை வீட்டில் யாரும் திட்டவில்லை. சாப்பாடு மட்டும் மௌனமாக நடந்தது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிபந்தனை போட்டால் அதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். இன்ஜினை அணைத்துச் சாவியை எடுப்பதற்கு அடுத்த வேலை அதுவாகவே இருக்கட்டும்.

அம்மா இன்று வரை சம்மதிக்கவில்லை. நான் கிளம்பும்போது திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நான் யாருக்கும் வாக்குறுதி தருவதில்லை.

மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

சட்டமே கேட்கிறது. 40 வயதைக் கடந்தவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழை, பதிவுபெற்ற மருத்துவரிடம் பெற்று இணைக்க வேண்டும். இதை இரண்டு நிமிடத்தில் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்யாமல், அந்தச் சாக்கில் கண்ணையும் சர்க்கரையையும் முறையாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

கண்ணில் இரண்டு விஷயங்கள் உண்டு. தூரப்பார்வை சரியாக இருந்தாலும், நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்ப்பது மங்குவதால் ஸ்பீடோமீட்டர் தெளிவாகத் தெரியாது. இரட்டைக் கண்ணாடி அணிபவர்களுக்குக் கீழ்ப்பகுதி வழியே சாலையைப் பார்க்கும்போது பள்ளத்தின் ஆழம் தவறாகப் படும். இரண்டாவது, கண்புரையின் தொடக்கம். பகலில் எந்தத் தொந்தரவும் தராது; இரவில் எதிரே வரும் விளக்கு மட்டும் வெடித்துச் சிதறிய மாதிரி தெரியும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வண்டி எடுக்கவே கூடாது. தாழ்சர்க்கரையில் வரும் தடுமாற்றம், நடக்கும்போது வந்தால் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொள்ளலாம், ஓட்டும்போது வந்தால் அதற்கு வழியில்லை. சளிக்குப் போடும் சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உரிமம் எடுப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

முதலில் எல்எல்ஆர் எனப்படும் பழகுநர் உரிமம். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். எல்எல்ஆர் காலத்தில் வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தில் ‘எல்’ பொறித்து முன்னும் பின்னும் வைக்க வேண்டும். கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் கியர் உள்ள வண்டிக்கும் உரிமம் தனித்தனி வகை. தேர்வில் ஸ்கூட்டரில் எட்டுப் போட்டு, கியர் இல்லாத வகைக்கு மட்டும் உரிமம் வாங்கியவர், அதை வைத்துக்கொண்டு புல்லட் ஓட்டினால் அந்த வண்டியைப் பொறுத்தவரை உரிமம் இல்லாதவர்தான். அபராதம் 5,000 ரூபாய் என்பது சிறிய சங்கதி. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த வரியைத்தான். கார் உரிமம் வைத்திருப்பவர்களும் இந்த வகையைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும்.

எட்டுப் போடுவதில் சூட்சுமம் இரண்டே இரண்டு. அரை கிளட்சில் வண்டியை ஊரவிட்டு, பின்பிரேக்கை லேசாக மிதித்தபடியே போனால் வண்டி ஆடாது. முன்சக்கரத்தைப் பார்க்காமல், அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். முதல்முறை நான் சக்கரத்தைப் பார்த்தேன், காலை ஊன்றினேன், தோற்றேன். எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண், “அங்கிள், தலையைத் தூக்குங்க” என்று அடுத்த தடவைக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

எந்த வண்டி வாங்குவது?

நின்ற நிலையில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிகிற வண்டி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடுவயதில் பலருக்கும் மனசுக்குள் ஒரு புல்லட் நிற்கிறது. 1955இலிருந்து சென்னை திருவொற்றியூரோடு தொடர்புள்ள வண்டி என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் உரிமையும் கூட. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 சிசி ஸ்பிளெண்டரின் எடை சுமார் 112 கிலோ. புல்லட் குடும்பத்தைச் சேர்ந்த கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. 83 கிலோ வித்தியாசம் என்பது ஒரு சிமென்ட் மூட்டையும் அதற்கு மேல் ஒரு அரிசி மூட்டையும். வண்டி ஓடும்போது அந்த எடை தெரியாது. சரிவான இடத்தில் பார்க்கிங்கில் இருந்து பின்னோக்கித் தள்ளும்போது தெரியும், சாய்ந்து விழுந்ததைத் தூக்கும்போது முதுகுக்கும் தெரியும். ஆகவே முதல் ஓராண்டு 100 முதல் 160 சிசி வரையிலான ஒரு வண்டியில் பழகிவிட்டு, ஆசை அப்படியே இருந்தால் பெரிய வண்டிக்கு மாறுங்கள். பழைய புல்லட் மீது கண் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். அவசரத்தில் கால் தன் பழக்கப்படிதான் போகும்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயம். பழைய வண்டி வாங்குவதாக இருந்தாலும் அதற்குப் பிந்தைய தயாரிப்பாகப் பார்த்து வாங்குவது என் பரிந்துரை. நான் வாங்கியது அப்படி ஒரு 150 சிசி பழைய வண்டி. நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. மகள் தேர்வு செய்தாள்.

பிரேக் பிடிப்பதைப் பற்றி இவ்வளவு பேசுவானேன்?

உயிர் அதில்தான் இருக்கிறது; ஆனால் நமக்கு யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை. ‘முன்பிரேக் பிடிக்காதே, தூக்கி அடித்துவிடும்’ என்பது தலைமுறை தலைமுறையாக நம் ஊரில் சொல்லிவரும் பாடம். சைக்கிளில் விழுந்த அனுபவத்திலிருந்து பிறந்ததாக இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடித்தவுடன் எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. நிறுத்தும் வலிமையில் ஏறத்தாழ 70 சதவீதம் முன்பிரேக்கிலிருந்துதான் கிடைக்கிறது. பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவர், நேரே போய் மோதுவார், அல்லது பின்சக்கரம் வழுக்கிப் படுப்பார்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்; முன்பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதைப் போல முதலில் மெதுவாகவும் பிறகு இறுக்கியும் பிடிக்க வேண்டும். வண்டி நிமிர்ந்து, கைப்பிடி நேராக இருக்கும்போதுதான் இது பொருந்தும். மணல் மீதும் வளைவின் நடுவிலும் முன்பிரேக்கை இறுக்கினால் அந்தப் பழைய பாடம் உண்மையாகிவிடும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி, பிறகு காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்து நிறுத்த இன்னும் 10 மீட்டர். ஆக 21 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம். 60 கிலோமீட்டரில் அதே கணக்கு 40 மீட்டருக்கு வந்துவிடுகிறது. வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் 60 என்ற எல்லையை மனைவியிடம் நானாகவே சொன்னேன். பயிற்சி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடித்து எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். பத்து தடவை செய்தால் கைக்கு வந்துவிடும். இப்போதும் மாதம் ஒருமுறை செய்கிறேன். வாக்கிங் போகிறவர்கள் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

தலைக்கவசம் எப்படித் தேர்வு செய்வது?

ஐஎஸ் 4151 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். முகம் முழுவதையும் மூடுவதாக இருக்க வேண்டும். விழும்போது தாடை தரையில் படுவது சாதாரணமாக நடப்பது; அரைக்கவசம் அதற்கு ஒன்றும் செய்யாது. போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். கவசம் மட்டும் தனியே சுற்றினால் அளவு பெரிது. கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீட்டின்படி, தலைக்கவசம் இறப்பு வாய்ப்பைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. தாடைப்பட்டையைப் பூட்டினால்தான் இந்தக் கணக்கு. பட்டையைத் தொங்கவிட்டு ஓட்டுபவரின் கவசம் அவருக்கு முன்னதாகவே சாலையில் உருண்டு போய்விடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே கீறல் மட்டுமே காட்டினாலும், உள்ளே தெர்மக்கோல் போன்ற அடுக்கு நசுங்கியிருக்கும். அதை மாற்றிவிட வேண்டும். ஷூ, கையுறை, முழுக்கை கெட்டித்துணிச் சட்டை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுகிறவன் முதலில் உள்ளங்கையைத்தான் ஊன்றுகிறான்.

ஸ்கூட்டர் பல வருடமாக ஓட்டுகிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

சாலை அறிவு உங்களிடம் இருக்கிறது. எனக்கு அது இல்லாமல்தான் பெரும்பாடு பட்டேன். ஆனால் ஸ்கூட்டரில் இடக்கை பிரேக், மோட்டார் சைக்கிளில் இடக்கை கிளட்ச். திடீரென்று ஆடு குறுக்கே வந்தால் பழைய பழக்கத்தில் இடக்கை கிளட்சை இறுக்கும், வண்டி விடுபட்டு ஓடும். வெறும் மைதானத்தில் ஒரு வாரம் பழகாமல் கடைவீதிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நம் சாலைகளில் எதைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டும்?

லாரியைக் கண்டு பயப்படுவார்கள். லாரி தெரிகிறது, சத்தம் கேட்கிறது, தன் வழியில் போகிறது. தெரியாமல் காத்திருப்பவைதான் ஆளைச் சாய்க்கின்றன. வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை. எம் சாண்ட் லாரி திரும்பிய சந்திப்பில் சிந்திக் கிடக்கும் மணல். டீசல் சொட்டிய வளைவு. கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் அரை மணி நேரம். அப்போது சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சவ்வாகிக் கிடக்கும், நன்றாகப் பெய்து கழுவிய பிறகு அந்த அளவு வழுக்காது.

எங்கள் பக்கத்துச் சாலைகளுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்ததும், வண்டிகள் ஏறிப் போனால் தானாக அடிபட்டுவிடும் என்பதற்காகக் கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையின் குறுக்கே மெத்தை மாதிரி பரப்பிவிடுகிறார்கள். காருக்கு அது ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிளுக்கு முன்சக்கரம் மிதக்கும். கொடி செயினில் சுற்றிக்கொள்ளும். ஓமலூருக்கு அப்பால் ஒரு கிராமச் சாலையில் நான் முதன்முறை அதன்மேல் ஏறியபோது, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு நேராகப் போனதால் தப்பித்தேன். அறிவால் செய்ததல்ல, கை விறைத்துப் போனதால் நடந்தது. மறுபக்கம் இறங்கி நின்று செயினில் சிக்கியதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். செடி பரப்பியிருந்த பெரியவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, “மெதுவா வந்திருந்தா ஒண்ணுமில்லீங்க” என்றார். விவசாயிகளைக் குறை சொல்லி இங்கே எழுத எனக்கு மனமில்லை. களம் இருந்த இடமெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது.

இவற்றோடு, நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கமாகப் புகுவது, நிறுத்தியிருக்கும் காரை ஒட்டிப் போவது, நாற்கரச் சாலையில் எதிர்த்திசையில் வருபவரை எதிர்பார்க்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். வலப்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓட்டும் நாகரிகமும் நம் வயதுக்கு வேண்டாம்.

மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் போகலாமா?

பழகிய பிறகு போகலாம். பின்னால் ஒருவர் ஏறியதும் பிரேக் பிடிக்கும் தூரமும் வளைவில் வண்டியின் நடத்தையும் மாறிவிடும். ஆகவே முதலில் வெறுஞ்சாலையில் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம், அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவதால் நேரும் விபத்துகள் கொடூரமானவை. சேலைக் காப்பு எனப்படும் கம்பிவலையைக் கழற்றிவிட்டு அழகு பார்ப்பவர்களை நான் அறிவேன். என் மனைவி வண்டியில் வரும்போது சுடிதார் அணிந்து, இருபுறமும் கால் போட்டே அமர்கிறார். இதை ஊர் என்ன சொல்லும் என்று நான் யோசித்தேன். அவர் யோசிக்கவில்லை.

இன்சூரன்ஸ், விபத்து உதவி பற்றி?

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதோடு ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். விபத்து என்றால் 108. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரத்த வகையையும் வீட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பூட்டிய போன் யாருக்கும் உதவாது.

ஏற்காட்டுக்கு எப்போது போகலாம்?

சேலத்துக்காரர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளோடு ஒப்பிட்டால் எளிது. நான் எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். ஞாயிற்றுக்கிழமை போகவே கூடாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்ஜினை அணைத்து உருட்டிவருபவர்களின் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். வளைவில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு, பஸ்ஸின் வால் எவ்வளவு அகலத்துக்கு வீசும் என்று கணித்து முன்கூட்டியே நின்றுவிடுங்கள். மேலே போய் ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரால் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

விழுந்துவிட்டேன். விட்டுவிடலாமா?

எப்படி விழுந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் விழுந்தது ஒரு டீக்கடை வாசலில், நின்ற நிலையில். சரிவில் ஒரு கால் எட்டவில்லை. வண்டி ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்தது. பிடித்து நிறுத்த முயன்று முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதுதான் மிச்சம். சாயத் தொடங்கிய வண்டியை விட்டுவிடுங்கள், உடைவது கண்ணாடியும் லீவரும்தான், பிடித்தால் கணுக்கால். ஓட்டத்தில் விழுந்தவர்கள், யாரையும் குறை சொல்லாமல் அந்தக் கடைசி ஐந்து நொடியைத் தாளில் எழுதிப் பாருங்கள். அதில் நீங்கள் வேறு மாதிரிச் செய்திருக்கக்கூடியது ஏதாவது தென்பட்டால் அதைப் பழகிவிட்டுத் தொடரலாம். எதுவுமே தென்படவில்லை, எல்லாம் அடுத்தவர் தவறு என்றே எழுத வருகிறதென்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். நடந்ததை வீட்டில் மறைக்காதீர்கள். சட்டைக் கையில் இருந்த தார்க்கறையை என் மனைவி துவைக்கும்போது பார்த்துவிட்டார்; டீக்கடை விழுதலைவிட அந்த விளக்கம்தான் அதிக நேரம் பிடித்தது.

எத்தனை வயது வரை ஓட்டுவதாக உத்தேசம்?

30 முதல் 50 வயதுக்குள் உரிமம் எடுப்பவருக்கு அது பத்து ஆண்டு செல்லும்; 55 வயதைக் கடந்தபின் புதுப்பிப்பவருக்கு ஐந்து ஐந்து ஆண்டாகத்தான் கிடைக்கும். எனக்கு 58 வயதில் முதல் புதுப்பிப்பு வரும். அரசாங்கத்தின் தேதிக்காக நான் காத்திருக்கவில்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு கடந்த பிறகு சாலை ஓரத்து வெள்ளைக்கோடு மீண்டும் கண்ணுக்குத் தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணும் பழக்கம் எனக்கு உண்டு. முதல் ஆண்டு முடிந்து இரவில் ஓட்டத் தொடங்கியபோது இரண்டு எண்ணுவதற்குள் தெரிந்தது. போன தீபாவளி சமயத்தில், வாழப்பாடியிலிருந்து திரும்பும்போது, நான்கு வரை எண்ண வேண்டியிருந்தது. மறுவாரம் கண் மருத்துவரைப் பார்த்தேன். புரை தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார். பகலில் ஓட்டுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் பழையபடி டவுன் பஸ்தான். கடைசி வண்டி ஒன்பதே முக்காலுக்கு.